அரசனின் சட்டையும் பாதரின் கடிதமும்

காலை ஒன்பது மணி நாற்பத்தேழு நிமிடம். வைத்தியசாலைச் சலவைக்கூடத்தில், மேற்பார்வையாளரின் கண்ணாடி அறைக்கு மேலே தொங்கிய மணிக்கூட்டில் நான் அதைப் பார்த்தேன். அவர் உள்ளிருந்து கண்ணாடியைத் தட்டி, காதருகே கையை வைத்து, எனக்குத் தொலைபேசி என்று சைகை காட்டினார். அங்கே வேலை செய்த ஐந்து வருடங்களில் அந்தத் தொலைபேசியில் எனக்கென்று ஓர் அழைப்பும் வந்ததில்லை. கையிலிருந்த ஈரப் படுக்கை விரிப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

பேசியது மகளின் சரித்திர ஆசிரியர். அன்று விடிய ஆறரைக்குத்தான் பாடசாலை வாசலில் அவருடைய கையைக் குலுக்கி, பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளை அவருடைய பஸ்ஸில் ஏற்றிவிட்டிருந்தேன். மூன்று நாள் வகுப்புச் சுற்றுலா. டென்மார்க்கின் பழைய அரசர்கள் வாழ்ந்த கோட்டைகளையும், கடைசியில் கோப்பன்ஹேகன் அரண்மனையையும் பார்க்கப் போனார்கள்.

"உங்கள் மகளின் பயணத் தாளில் ஒரு சிறு சிக்கல். டென்மார்க் எல்லைக் காவலர்கள் அவளை இறக்கிவிட்டார்கள்" என்றார், மழை வரும்போலிருக்கிறது என்று சொல்லும் குரலில்.

"இப்போது எங்கே நிற்கிறாள்?"

"அவர்களிடம்தான். மிகவும் மரியாதையானவர்கள். நீங்கள் போய்க் கூட்டிக்கொண்டு வரலாம்."

"நீங்கள் அவளோடு நிற்கிறீர்கள்தானே?"

அவருக்குப் பின்னால் பிள்ளைகளின் சிரிப்பும் பஸ் எஞ்சினின் உறுமலும் கேட்டன.

"என்னிடம் இன்னும் இருபத்தாறு மாணவர்கள் இருக்கிறார்கள். பதினொரு மணிக்கு முதலாவது கோட்டையில் வழிகாட்டி காத்திருப்பார். அதன்பிறகு கப்பலைப் பிடிக்க வேண்டும். நான் எல்லைக்கு அப்பால் ஒரு பெற்றோல் நிலையத்திலிருந்து பேசுகிறேன்."

விட்டுவிட்டுப் போய், போன இடத்திலிருந்துதான் அந்த மனிதர் எனக்குச் சொல்கிறார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆறடிக்கு மேல் உயரம். சின்னவிரலில் குடும்பச் சின்னம் பொறித்த மோதிரம். குடும்பப் பெயருக்கு முன்னால், பிரபு குலத்தவர் என்று காட்டுகிற அந்தச் சின்னஞ்சிறு ஒட்டு. ஜெர்மனியின் வடக்கு ஓரத்தில் நாங்கள் இருந்த அந்தப் பிரதேசம் நானூறு வருடங்கள் டென்மார்க் அரசர்களின் கையில் இருந்தது. அதைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்லும்போதெல்லாம் அவருடைய நெஞ்சு ஓர் அங்குலம் விரியும். "என் முன்னோரில் இருவர் அரசனின் ஆலோசனைச் சபையில் இருந்தவர்கள்" என்பார். பெற்றோர்கள் தலையாட்டுவார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பாண் சுட்டு விற்கிற கடைக்காரரின் மனைவி ஒருமுறை "அப்படியா!" என்று வாயைப் பிளந்தார். அவருடைய முன்னோர் இந்த மனிதரின் முன்னோருடைய பண்ணையில் சாணம் அள்ளியவர்களாக இருந்திருப்பார்கள் என்பது அந்தப் பெண்ணுக்குத் தோன்றவேயில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் பதினான்கு வருடம் மேல்வகுப்புகளுக்குச் சரித்திரம் படிப்பித்தவன். அங்கே எங்கள் பாடப்புத்தகத்தில் டென்மார்க்குக்கு ஒரு வரிதான். தை மாதம், அந்த ஆசிரியர் மகளுக்கு வகுப்பில் பேசுவதற்காக ஒரு டென்மார்க் அரசனைத் தலைப்பாகக் கொடுத்தபோதுதான் நகர நூலகத்திலிருந்து புத்தகங்களை எடுத்து வந்து, அகராதியும் கையுமாக, பிள்ளையோடு சேர்ந்து நானும் படித்தேன். அரச குலங்களைப் பற்றி எனக்கு ஒருபோதும் பெரிய மதிப்பு இருந்ததில்லை. இந்தக் கூட்டத்தைப் படித்தபிறகு, மிச்சம் இருந்த கொஞ்சமும் போனது.

அந்த அரசன் நாட்டில் ஒழுக்கக்கேடு கூடிவிட்டதென்று சட்டம் போட்டான். தான் மட்டும் மனைவியின் பணிப்பெண்ணோடு பிள்ளை பெற்றான். எங்கள் கரையோரக் கடலில் நடந்த ஒரு சண்டையில் அவனுக்கு ஒரு கண் போனது. முகத்தில் இருந்து எடுத்த இரும்புத் துண்டுகளைப் பொன்னில் பதித்துத் தன் ஆசைநாயகிக்குக் காதணி செய்து கொடுத்தானாம். அன்று அவன் போட்டிருந்த இரத்தம் தோய்ந்த உடுப்பு இன்றைக்கும் கோப்பன்ஹேகனில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

"இந்த மனுசனுக்குக் காதில போடக் குடுக்கிறதுக்கு வேற ஒண்டும் கிடைக்கேல்லையோ அப்பா?" என்று மகள் கேட்டாள்.

பிரபுக்கள் அதற்கும் ஒரு படி மேல். தங்கள் பண்ணையில் பிறந்த குடியானவன் மகன் அந்தப் பண்ணையை விட்டுப் போகக்கூடாது என்று சட்டம் வைத்திருந்தார்கள். எதிர்த்துப் பேசினால் மரக்குதிரை. கூர் முதுகுள்ள ஒரு மரச்சட்டம் அது. அதில் ஆளை இரண்டு பக்கமும் கால் தொங்க ஏற்றி மணிக்கணக்காக வைத்திருப்பார்கள். அப்படிப்பட்டவர்கள்தான் செத்தபிறகு தேவாலயச் சுவரில் பளிங்கில் முழங்காலிட்டுக் கைகூப்பி இருக்கிறார்கள்.

சமயத் தலைவர்களோ? பழைய ஆயர்களை ஓர் அரசன் பிடித்துச் சிறையில் போட்டு அவர்களுடைய நிலங்களை விழுங்கினான். அதன்பிறகு அரசனே பார்த்து நியமித்த புதியவர்கள், கழுத்தைச் சுற்றி வெள்ளைத் தட்டுப்போல ஒரு மடிப்புத் துணியைப் போட்டுக்கொண்டு பிரசங்க மேடையில் ஏறினார்கள். படங்களில் பார்த்தால் தலையை அறுத்துத் தட்டில் வைத்துப் பரிமாறியதுபோல இருக்கும். அரசனுக்குப் பணிவது தேவனுக்குப் பணிவது என்று ஞாயிறுதோறும் சொன்னார்கள். சூனியக்காரி என்று யாராவது ஏழைக் கிழவியைப் பிடித்துக் கட்டியபோது அவர்களுடைய வாய் திறக்கவில்லை. திறந்தாலும் விறகு போதுமா என்று கேட்கத்தான் திறந்தது. கத்தோலிக்கக் குரு எவனாவது நாட்டுக்குள் கால் வைத்தால் தலை போகும் என்றும் அந்த ஒற்றைக் கண்ணன் சட்டம் போட்டான்.

இந்தக் கடைசி விஷயத்தை மகளுக்கு வாசித்துக் காட்டியவன் நான்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் காது சுடுகிறது.

மகளின் பேச்சில் என்னுடைய பங்காக ஒரு பந்தி இருந்தது. இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத ஒரு டேனிஷ் பிரபுவைக் கப்பற்படைத் தலைவனாக்கி, அதே அரசன் இலங்கைக்கு அனுப்பினான். வழியெல்லாம் மாலுமிகள் செத்து விழ, அவர்களைக் கடலில் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தான். கண்டி அரசனுக்கு இவனுடைய உதவி தேவைப்படவில்லை. அது தெரிந்தும் திருகோணமலையில் இறங்கிக் கோட்டை கட்டத் தொடங்கினான். சரிவராமல் போனதும் கொஞ்சப் பேரை அங்கே விட்டுவிட்டுத் தரங்கம்பாடிக்குக் கப்பலைத் திருப்பினான். விட்டுவிட்டுப் போவது இந்த வம்சத்தின் பழக்கம் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆசிரியர் இதைக் கேள்விப்பட்டதேயில்லை. பேச்சுக்கு "மூன்று" போட்டார். இங்கே ஒன்றுதான் உச்சம். "தகவல் சரி, தொனி அளவுக்கு மீறிக் கசப்பு" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். மகள் இரண்டு நாள் சாப்பாட்டு மேசையில் பேசவில்லை. சுற்றுலா அறிவிப்பு வந்தபோதுதான் முகம் தெளிந்தது.

"நான் அந்தச் சட்டையைப் பாக்கவேணும் அப்பா. ஒரு கண்ணுக்கு உண்மையா எவ்வளவு ரத்தம் வாறது எண்டு பாக்கவேணும்."

அறிவிப்பின் அடியில், வெளிநாட்டுப் பிள்ளைகள் செல்லுபடியாகும் பயணத் தாள்களைக் கொண்டுவர வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. எங்களிடம் கடவுச்சீட்டு இல்லை. அகதி விண்ணப்பம் தள்ளுபடியாகி, நாட்டை விட்டு அனுப்பாமல் தற்காலிகமாக விட்டுவைத்திருக்கிறோம் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை முத்திரை குத்தித் தருகிற மடித்த தாள் மட்டும் இருந்தது. டுல்டுங் என்பார்கள்.

"கந்தோருக்குப் போய் ஒருக்கா கேளுங்கோவன்" என்று மனைவி சொன்னாள். எங்கள் தாளுக்கு முத்திரை குத்துகிற வெளிநாட்டவர் அலுவலகத்தைத்தான் கந்தோர் என்றாள்.

நான் போகவில்லை. பக்கத்து ஊரில் ஒரு குடும்பம் வீடு மாறுவதைப் பற்றிக் கேட்கப் போய், அலுமாரிக்குள் தூங்கிக் கிடந்த தங்கள் வழக்குக் கோப்பைத் தாங்களே எழுப்பிவிட்டு, ஆறு கிழமையில் வெளியேறும்படி கடிதம் வாங்கியதாகக் கதை. தூங்குகிற கோப்பைத் தட்டக்கூடாது என்பது எங்கள் ஆட்களுக்குள் ஒரு வேதவாக்காகவே ஆகியிருந்தது. அந்தக் கந்தோரில் எங்கள் பெயரின் முதலெழுத்துக்குப் பொறுப்பான பெண்மணிக்கு முன்னால் உட்காரும்போதெல்லாம், முத்திரை விழுந்த கணமே எழுந்துவிடுவேன்.

ஆகவே நான் எங்கள் வழக்கப்படி ஒரு காரியம் செய்தேன். கொலோன் பக்கத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து எங்களுக்குத் தமிழ்ப் பூசை வைக்கிற பாதரிடம் கடிதம் கேட்டேன்.

வேறு யாருக்கும் இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எங்களுக்குத் தெரியாது. ஊரில் ஆமிச் சென்றிகளை, அந்தச் சோதனைச் சாவடிகளை, நாங்கள் தாண்டியதே பாதர்மாரின் கடிதங்களால்தான். வவுனியாவில் மனைவியையும் ஐந்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு நான் நின்றபோது, துவக்கோடு நின்ற ஆமிப் பொடியனுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. பங்குத் தந்தையின் முத்திரையைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், கையை அசைத்தான். பதினைந்து பேரை வெயிலில் முழங்காலில் இருத்திவைத்த இடத்தில் நாங்கள் நடந்து போனோம். ஒரு தாளுக்கு அந்தச் சக்தி இருப்பதைக் கண்ணால் கண்டவனுக்கு அதை மறக்க ஏலாது.

பாதர் தயங்கினார். "மாஸ்டர், இது அங்க எடுபடுமோ?"

"இருக்கட்டும் பாதர், ஒரு பலத்துக்கு."

நல்ல குடும்பத்துப் பிள்ளை, எங்கள் மந்தையைச் சேர்ந்தவள், கல்விப் பயணத்துக்கு அனுமதிக்கும்படி தயவாய்க் கேட்கிறேன் என்று ஜெர்மன் மொழியில் எழுதி, முத்திரை குத்தித் தந்தார். அதையும், டுல்டுங்கையும், ஞானஸ்நானச் சான்றிதழையும் ஒன்றாகப் பின் அடித்து மகளின் பையில் வைத்தேன். கத்தோலிக்கக் குருவின் தலையை எடுப்போம் என்று சட்டம் போட்ட நாட்டின் வாசலுக்குக் கத்தோலிக்கக் குருவின் கடிதத்தோடு என் பிள்ளையை நான் அனுப்பினேன். அந்தச் சட்டம் எப்போதோ செத்துப்போனது, அது வேறு. நான் படித்த சரித்திரம் எனக்கு எந்த அளவுக்கு உதவியது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆசிரியர் அந்தத் தாள்கட்டைப் பாடசாலை வாசலில் வாங்கி ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "மிகச் சிறப்பு" என்று மகளிடமே திருப்பிக் கொடுத்தார்.

எல்லைக்கு எங்களை ஏற்றிப் போனவர் எங்கள் தெருவில் மரக்கறிக் கடை வைத்திருந்த அண்ணை. எல்லாருக்கும் அவர் அண்ணைதான். கடையைப் பூட்டிவிட்டு, வெங்காய மூட்டைகள் இறக்காத வான் வண்டியோடு வந்தார். மனைவி எங்களுடைய எல்லாத் தாள்களும் இருந்த கறுப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் இருந்தாள்.

"மாஸ்டர், ஒண்டும் நடக்காது. வெள்ளைக்காரன் பிள்ளையளைப் பிடிச்சுத் தின்னமாட்டான்" என்றார் அண்ணை.

"அண்ணை, நீங்கள் ரோட்டைப் பாருங்கோ" என்றாள் மனைவி. பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "பாதரிட்டக் கடிதம் வாங்கத் தெரிஞ்ச மனுசனுக்கு, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில இருக்கிற கந்தோருக்குப் போகத் தெரியேல்லை."

எல்லையில் ஜெர்மன் பக்கத்துக் காவல் அதிகாரி எங்களை எதிர்பார்த்தே இருந்தார். ஐம்பது வயதுக்காரர், மேசையில் பாதி கடித்த பாண். வணக்கம் சொன்னார், கதிரை காட்டினார். மகளின் தாள்களுடைய பிரதிகள் ஏற்கெனவே அவர் கையில் இருந்தன.

"பிள்ளை அங்கே இருக்கிறாள்" என்று யன்னலால் காட்டினார். நூற்றைம்பது மீற்றர் இருக்கும். மஞ்சள் கல்லால் கட்டிய தணிந்த கட்டடம். வாசலில் டேனிஷ் கொடி.

"போய்ப் பார்க்கலாமா?"

"நீங்கள் அந்த எல்லைக் கோட்டைத் தாண்டினால் உங்களுடைய தாளும் செல்லாது. வெளியேறிய கணமே அது செத்துவிடும். பின்பக்கத்தில் எழுதியிருக்கிறது."

திருப்பிப் பார்த்தேன். எழுதியிருந்தது. ஐந்து வருடமாக நெஞ்சோடு வைத்துத் திரிந்த தாள். பழைய உடன்படிக்கைகளை வரிவரியாகப் பிரித்துப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன் அந்தச் சிறிய எழுத்தை ஒருநாளும் வாசிக்கவில்லை.

"அப்படியென்றால் மகளுடையது?"

"செல்லாது. டேனிஷ்காரர்கள் பஸ்ஸை நிறுத்துவது கோட்டுக்கு அப்பால். அவள் வெளியேறிவிட்டாள் என்றுதான் கணக்கு."

அவர் குரலில் கெடுதல் எதுவும் இல்லை. மருந்துச்சிட்டை வாசிப்பதுபோலச் சொன்னார். அவளைத் திரும்ப உள்ளே எடுக்க, எங்கள் ஊர்க் கந்தோர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும்; தொலைநகலில் வந்தாலும் போதும். வராவிட்டால் டேனிஷ்காரர் முடிவெடுப்பார்கள்.

"என்ன முடிவு?"

"எந்த நாட்டுக்கு அனுப்புவது என்று." தாளைப் பார்த்தார். "கொழும்பு விமான நிலையம் என்று இங்கே குறித்திருக்கிறார்கள்."

அவருக்கு அது ஒரு விமான நிலையத்தின் பெயர். பதினாறு வயதுத் தமிழ்ப் பெண் தனியே, சிங்களம் தெரியாமல், யாழ்ப்பாணத்தில் பிறந்தவள் என்று எழுதிய தாளோடு அந்த விமான நிலையத்தில் இறங்கினால் அவளை யார், எங்கே கூட்டிக்கொண்டு போவார்கள் என்பது எனக்குத் தெரியும். மனைவிக்கு ஜெர்மன் அவ்வளவு ஓடாது. ஆனால் கொழும்பு என்ற சொல் விளங்கிவிட்டது. கறுப்புப் பையை இரண்டு கையாலும் இறுக்கினாள்.

"அதுசரி, இந்தக் கடிதம் என்ன?" என்று அதிகாரி கேட்டார்.

"எங்கள் குரு."

அவர் முழுவதையும் வாசித்தார். சிரிக்காமல் இருக்க அவர் முயன்றது எனக்குச் சிரிப்பை விடக் கூடச் சுட்டது. "அழகாக எழுதியிருக்கிறார்" என்று மட்டும் சொன்னார்.

மணி பதினொன்று இருபத்தைந்து. அன்று புதன்கிழமை. புதன்கிழமைகளில் கந்தோர் பன்னிரண்டுக்குப் பூட்டும். அவருடைய தொலைபேசியிலேயே இலக்கத்தைச் சுழற்றித் தந்தார். எந்தப் பெண்மணியின் அலுமாரிக் கோப்பைத் தட்டக்கூடாது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும் பூனைபோலப் போய் வந்தேனோ, அவருடைய குரல் மறுபக்கத்தில் வந்தது. நான் என் பெயரைச் சொன்னதும் கோப்பு இலக்கத்தை மனப்பாடமாகச் சொன்னார். அதுவும் எனக்குப் பயமாக இருந்தது.

சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை. பிறகு கேட்டார்:

"நீங்கள் ஏன் என்னிடம் வரவில்லை?"

அதிகாரியின் மேசையில் கிடந்த பாதரின் கடிதத்தைப் பார்த்தேன்.

"மாணவர் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. பாடசாலை பெயர்களை எழுதித் தரும். நாங்கள் படத்தை ஒட்டி முத்திரை குத்துவோம். அதோடு பிள்ளை போய் வரலாம், தாளும் சாகாது. பத்து நிமிட வேலை. உங்கள் பாடசாலைக்கு மூன்று கிழமைக்கு முன் நானே ஞாபகப்படுத்தினேன்."

"யாரிடம் சொன்னீர்கள்?"

ஆசிரியரின் பெயரைச் சொன்னார், முன்னால் இருந்த அந்தப் பிரபு ஒட்டையும் சேர்த்து.

அப்போது என் வாய்க்குள் வந்ததை நான் அங்கே சொல்லவில்லை. இங்கே எழுதவும் போவதில்லை. முன்னோரின் கோட்டை மதில் எத்தனை அடி அகலம் என்று அந்த மனிதருக்குத் தெரியும். எந்த அரசனுக்கு எந்தப் பிரபு குதிரை பிடித்தான் என்று தெரியும். தன் வகுப்பில் இருபத்தேழு பேரில் ஒரே ஒரு பிள்ளைக்காக ஒரு படிவத்தை நிரப்பத் தெரியவில்லை. அல்லது தெரிந்தும் கை வரவில்லை. படிவம் நிரப்புவது கணக்கப்பிள்ளையின் வேலை என்று நினைத்திருப்பார். நானூறு வருடம் மற்றவர்களை நிரப்பச் சொல்லிப் பழகிய கை அல்லவா.

"அவரும் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை" என்றார் அந்தப் பெண்மணி. "தலைமை அதிகாரியின் கையெழுத்து வேண்டும். அவர் ஒரு கூட்டத்துக்குப் போயிருக்கிறார். ஒரு மணிக்குத்தான் வருவார்."

"கந்தோர் பன்னிரண்டுக்குப் பூட்டுமே."

"கதவைப் பூட்டுவார்கள். நான் உள்ளே நிற்பேன்."

வெளியே ஒரு நீட்டு மரவாங்கில் போய் உட்கார்ந்திருந்தோம். லொறிகள் போய்வந்தன. டேனிஷ் ஓய்வூதியக்காரர்களின் பஸ் ஒன்று, காவலர் கையை அசைக்க நிற்காமலே போனது. யன்னல்களிலிருந்து எங்களுக்கும் கை காட்டினார்கள். அண்ணை திருப்பிக் காட்டினார்.

"மாஸ்டர், இந்தக் கோடு எப்பத்தை?"

"என்ர ஐயா பிறந்த காலத்தில கீறினது. அதுக்கு முதல் இதில ஒண்டும் இல்லை. டென்மார்க் ராசா இஞ்சால வந்தா கோமகன், அங்கால போனா ராசா. ஆள் ஒண்டுதான், தொப்பிதான் வேற."

"ஓஹோ. அப்ப அவனுக்கு டுல்டுங் தேவைப்படேல்லை."

"அவனுக்கு மண்டை விசர்தான் தேவைப்பட்டது, அது தாராளமா இருந்தது."

"இரண்டு பேரும் வாயைப் பொத்துங்கோ" என்றாள் மனைவி. "அங்க ஒரு பிள்ளை தனிய இருக்கு. இஞ்ச ராசாக்கதை."

அண்ணை தலையைக் குனிந்தார். நானும். அவள் சொன்னது சரி. ஆனால் அந்த இரண்டு மணித்தியாலமும் அந்த அரசனையும், அவனுடைய பிரபுக்களையும், தட்டுக் கழுத்துச் சாமியார்களையும் ஒவ்வொருவராக மனதுக்குள் இழுத்து வைத்துத் திட்டிக்கொண்டிருந்திராவிட்டால் நான் எழுந்து அந்த எல்லைக் கோட்டை நோக்கி ஓடியிருப்பேன். திட்டுவதற்கு ஆள் இருந்தது ஒரு பிடிமானம். கடைசியில் திட்டு முடிந்து, வரிசையில் மிஞ்சி நின்றது நான் ஒருவன்தான். மரக்குதிரையில் ஏற்றத் தகுந்த ஆளாக என்னை நானே பார்த்தேன்.

"அவள் ஒருநாளும் தனிய ஒரு இடத்தில இருந்ததில்லை" என்றாள் மனைவி, யாரிடமும் என்றில்லாமல். "சூசையப்பரே."

ஒரு மணி ஆனது. ஒன்றே கால் ஆனது. உள்ளே எட்டிப் பார்த்தேன். அதிகாரி தலையை ஆட்டினார், இன்னும் இல்லை. அண்ணை போய் மூன்று கோப்பி வாங்கி வந்தார். யாரும் குடிக்கவில்லை. ஒன்று முப்பத்தெட்டுக்கு உள்ளே தொலைநகல் இயந்திரம் கிறீச்சிடத் தொடங்கியது. பல்லி நகர்வதுபோலத் தாள் வெளியே வந்தது. அதிகாரி அதைக் கிழித்தெடுத்து, கையெழுத்தைப் பார்த்து, முத்திரையைப் பார்த்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு தானே நடந்து அந்தப் பக்கம் போனார். மனைவி சிலுவை போட்டுக்கொண்டாள். என் கை எழும்பவில்லை.

அவர் திரும்பி வரவில்லை. பத்து நிமிடம். பதினைந்து நிமிடம். தொலைநகல் தெளிவில்லை என்கிறார்களோ? மூலப்பிரதி வேண்டும் என்கிறார்களோ? சம்மதித்தது யார் என்று கேட்டு எங்கள் ஊருக்கு அழைக்கிறார்களோ, அங்கே இப்போதாவது எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்களோ? இன்று வரை தொலைநகல் இயந்திரம் ஒன்று சத்தம் போட்டால் நான் அறையை விட்டு வெளியே போய்விடுவேன். அந்த இருபத்தைந்து நிமிடம் உடம்பில் எங்கோ நின்றுபோய்விட்டது.

இரண்டு மணி தாண்டிச் சில நிமிடங்கள். மஞ்சள் கட்டடத்தின் கதவு திறந்தது. முதலில் எங்கள் அதிகாரி. பின்னால், நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிய ஒரு டேனிஷ் காவல்காரி. அவளுடைய கையில் மகளின் பயணப் பை. மகள் அவர்களுக்கு நடுவில், கை இரண்டையும் ஜக்கெற் பைக்குள் விட்டுக்கொண்டு, அவசரமில்லாமல் நடந்து வந்தாள். எல்லைக் கோட்டருகே காவல்காரி மகளிடம் பையைக் கொடுத்து, கையைக் குலுக்கிவிட்டு நின்றுகொண்டாள்.

மனைவி ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து, தலையைத் தடவி, முதுகில் ஓர் அடியும் போட்டு, திரும்பக் கட்டிப்பிடித்தாள். மகள் அம்மாவின் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தாள். அழுத முகம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"பிள்ளை, என்ன செய்தவை?" என்று கேட்டேன்.

"ஒண்டும் செய்யேல்லை. தேத்தண்ணி தந்தவை. அந்த அன்ரி எங்க போறீர் எண்டு கேட்டா. உங்கட ராசான்ர சட்டையைப் பாக்கப் போறன் எண்டன். தான் இன்னும் பாக்கேல்லையாம்." தாயின் கையை மெதுவாக விலக்கினாள். "அப்பா, கந்தோருக்குப் போகப் பயந்துதான் நீங்கள் இப்பிடிச் செய்தனீங்கள் எண்டு எனக்குத் தெரியும். வாற மாசம் தாள் புதுப்பிக்கேக்க நான்தான் உள்ள போவன். எல்லாம் நான்தான் கேப்பன். நீங்கள் வெளியில வாங்கில இருங்கோ."